மோட்டார் இழுப்பதில்லை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

"மோட்டார் தண்ணியை இழுக்குது" என்று சொல்லாத வீடு நம் வட்டாரத்தில் இல்லை. இயற்பியல் நூல் இதை ஒப்புக்கொள்வதில்லை. பம்பு எதையும் இழுப்பதில்லை. தன் வயிற்றிலுள்ள நீரை வெளியே வீசி எறிகிறது, அவ்வளவே. வீசிவிட்டதால் உள்ளே அழுத்தம் குறைகிறது. கிணற்று நீரின் மேல் அமர்ந்திருக்கும் காற்று, அந்தக் குறைந்த இடத்தை நோக்கி நீரைக் குழாய் வழியே மேலே தள்ளிவிடுகிறது. இந்த வேறுபாட்டைத் தேர்வுத்தாளில் எழுதினால் 2 மதிப்பெண் கிடைக்கும். எங்கள் வீட்டுக்கோ சென்ற வைகாசியில் இது ஒன்றரை லட்சம் ரூபாயை மிச்சப்படுத்திக் கொடுத்தது. அது எப்படி நடந்தது என்பதை நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கடலூர்–விருத்தாசலம் சாலையும், பண்ருட்டியிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் வடலூர் என்பது எல்லோரும் அறிந்ததே. அந்த நாற்சந்தியின் இரைச்சல் கேட்காத தூரத்தில் எங்கள் கிணறு இருக்கிறது. தாத்தா வெட்டியது. இப்போது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொது. மூன்று நாள் எங்கள் முறை, மூன்று நாள் அவர்கள் முறை. ஏழாம் நாள் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு. எங்கள் பங்கில் கொஞ்சம் கத்தரி, கொஞ்சம் கனகாம்பரம், மழைக்காலத்தில் மல்லாட்டை. இரண்டு வீட்டுக்கும் குடிக்கவும் குளிக்கவும் மாட்டுக்கும் அதே தண்ணீர்தான்.

அந்தக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் எங்கள் குடும்ப வரலாறே தெரியும். மேலே, விளிம்பை ஒட்டி, கவலை ஓட்டிய காலத்துக் கல்தூண்களின் அடிப்பகுதி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஆயில் எஞ்சின் வைத்திருந்த சிமெண்டு மேடை. உள்ளே 8 அடி ஆழத்தில் சுவரைக் குடைந்து கட்டிய ஒரு மேடை. இன்று அதில் புறாக்கள் குடியிருக்கின்றன. 20 அடி ஆழத்தில் இன்னொரு மேடை. அதில்தான் இப்போதைய 5 குதிரைத்திறன் மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. நீர்மட்டம் கீழே போகப் போக மோட்டாரும் பின்னாலேயே படியிறங்கி வந்திருக்கிறது. ஏன் இறங்க வேண்டும், மேலேயே வைத்துக் குழாயை மட்டும் நீட்டினால் என்ன என்று சிறு வயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். "மேல வெச்சா ஏறாதும்மா" என்றார். ஏன் ஏறாது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் ஏறாது என்பது அவருக்குத் தெரியும்.

வைகாசியில் ஒருநாள் காலை. மும்முனை மின்சாரம் வந்ததும் அப்பா சுவிட்சைப் போட்டார். இரண்டு நிமிடம் தண்ணீர் கொட்டியது. பிறகு இருமியது. பிறகு வெறும் காற்று. அணைத்துவிட்டு, பம்பின் வாயில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி மறுபடி போட்டார். அதே கதை. மூன்றாம் நாள் கனகாம்பரச் செடிகள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. சித்தப்பா வந்து கிணற்றைக் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, ஊத்து செத்துப்போச்சி. இனிமே இதை நம்பிப் பிரயோசனம் இல்ல. ஆளுக்கொரு போர் போட்டுக்கலாம்."

அப்பா பதில் பேசவில்லை. ஆளுக்கொரு போர் என்றால் அதற்கு இரண்டு பொருள். ஒன்று, குழாய், நீர்மூழ்கி மோட்டார் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம். அது எங்கள் வீட்டில் இல்லை, அம்மாவின் நகையும் பசுவும்தான் இருக்கின்றன. மற்றொன்று, பொதுக் கிணறு என்று ஒன்று இனி இராது. முறை கேட்க, மோட்டார் போட்டாயா என்று கேட்க, சித்தி எங்கள் வாசலுக்கு வரவேண்டிய தேவையும் இராது. முதலாவதைப் பற்றி வீட்டில் இரவெல்லாம் பேசினார்கள். இரண்டாவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் பம்பு பார்க்கும் மாமா வந்தார். உறவில் மாமா அல்லர்; தெருவே அவரை அப்படித்தான் அழைக்கும். பம்பின் மேல் ஸ்பானரின் ஒரு முனையை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். மருத்துவர் தோற்றார்.

"மாமா, தண்ணி இல்லாததாலதான் ஏறலையா?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ள எப்படிச் சொல்றது பாப்பா? மோட்டார் ஓடுது, தண்ணி வரலன்னா நாலஞ்சு காரணம் இருக்கும். தண்ணி கீழ போயிருக்கும். ஃபுட்வால்வு புடிக்காம இருக்கும். எங்கனா காத்து வாங்கும். இல்ல, உள்ள எதுனா அடைச்சிருக்கும். ஒவ்வொண்ணா கழிச்சிக்கிட்டே வரணும்."

ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவது! ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தருவதும் இதுதானே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் விடை முன்பே தெரியும். இங்கே தெரியாது.

முதலில் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்தோம். வோல்ட்மீட்டரின் முள் 400ஐத் தாண்டி நின்றது; மின்னழுத்தத்தில் குறையில்லை. அம்மீட்டரின் முள் வழக்கமாக 7இல் நிற்கும். அன்று தண்ணீர் கொட்டிய இரண்டு நிமிடம் 7இல் நின்றது. இருமல் தொடங்கியதும் 5க்குக் கீழே இறங்கிவிட்டது. அப்பா அந்த முள்ளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறவர். "முள்ளு எறங்குனா தண்ணி நிக்கப் போவுதுன்னு அர்த்தம்" என்றார். இதன் காரணம் எளிது. சுழலி நீரைச் சுமந்து வீசும்போதுதான் மோட்டாருக்கு வேலை. காற்றைச் சுழற்றுவதற்கு வேலை மிகக் குறைவு. ஆகவே மின்னோட்டமும் குறைவு. தாங்கி இறுகிப்போயிருந்தாலோ, சுழலியில் ஏதேனும் சிக்கியிருந்தாலோ முள் ஏறியிருக்கும், இறங்கியிராது. ஆக, மோட்டார் நலமே. பம்பின் வயிற்றில் நீருக்குப் பதில் காற்று இருக்கிறது. அந்த ஒரு முள் பாதிக் கேள்விகளைக் கழித்துவிட்டது.

மும்முனை மோட்டாரில் இன்னொரு வேடிக்கை உண்டு. மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டு இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும். சத்தம் அதேதான், தண்ணீர் மட்டும் சொற்பமாக வரும். மின்மாற்றியில் வேலை நடந்த பிறகு ஒருமுறை பக்கத்து நிலத்தில் இப்படி ஆகி, அவர்கள் இரண்டு நாள் பம்பைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினார்களாம். மாமா பம்பின் மேலிருக்கும் அம்புக்குறியைக் காட்டினார். எங்களுடையது சரியான பக்கமே சுழன்றது.

அடுத்து, தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்ற பெரிய கேள்வி. இதைச் சித்தப்பா கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டார். எனக்குக் கண்ணால் பார்த்த அளவு போதவில்லை. ஒரு கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி, கிணற்றின் மேல்விளிம்பிலிருந்து மெல்ல இறக்கினேன். கல் நீரைத் தொடும்போது 'களுக்' என்று ஓர் ஓசை வரும்; அந்த இடத்தில் கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டு, அம்மாவின் தையல் நாடாவால் அளந்தேன். மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் 36 அடி.

பம்பின் வாய் விளிம்பிலிருந்து 19 அடியில் இருக்கிறது. ஆகவே நீர் ஏறவேண்டிய உயரம் 17 அடி. சக்‌ஷன் குழாயின் நீளம் 23 அடி என்று மாமாவுக்கு நினைவிருந்தது. போன கோடையில் அதை இறக்கியவர் அவரே. அப்படியானால் ஃபுட்வால்வு 42 அடியில் இருக்கிறது. அதற்கு மேல் இன்னும் 6 அடித் தண்ணீர் நிற்கிறது. ஊற்றுச் சாகவில்லை!

ஆனால் 17 அடி என்பது ஏறக்கூடிய உயரந்தானா? இங்கேதான் புத்தகம் துணைக்கு வந்தது. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில், ஒரு பம்பு 18 முழ உயரத்துக்கு மேல் நீரை ஏற்ற மறுத்த செய்தியைக் குறிப்பிடுகிறார். நீளமான கயிறு தன் எடையாலேயே அறுந்துவிடுவதுபோல, நீர்த்தம்பமும் தன் எடையால் அறுந்துபோகிறது என்று அவர் நினைத்தார். இழுப்பது என்ற எண்ணம் அத்தகைய பேரறிஞரையும் விடவில்லை. அவருடைய மாணவர் டாரிசெல்லிதான் 1643 வாக்கில் பாதரசத்தைக் கொண்டு உண்மையைக் காட்டினார். 76 சென்டிமீட்டர் பாதரசத்தைத் தாங்குவது காற்றின் அழுத்தம். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு கனமானது. பெருக்கிப் பாருங்கள்: 10.3 மீட்டர், ஏறக்குறைய 34 அடி. காற்று நீரைத் தள்ளக்கூடிய எல்லை அதுதான். 1648இல் பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே பாதரசக் குழாயைப் பிரான்சிலுள்ள பூய் த தோம் மலைமேல் கொண்டுபோனபோது, உயரே போகப் போகப் பாதரசம் இறங்கிற்று. தள்ளுவது காற்றே என்பது அதனால் உறுதியாயிற்று.

எவ்வளவு விலையுயர்ந்த மோட்டாரை வாங்கி மேலே வைத்தாலும் 34 அடி 35 அடி ஆகாது. ஏனெனில் அங்கே வேலை செய்வது மோட்டார் அன்று. நடைமுறையில் 34 அடியும் கிடைக்காது. நம் ஊர் வெப்பத்தில் நீர் தானே ஆவியாக முனைவதால் ஏறக்குறைய அரை மீட்டர் போகும். குழாயின் உராய்வுக்கும் ஃபுட்வால்வின் தடைக்கும் கொஞ்சம் போகும். பம்பின் வாயில் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருந்தால்தான் நீர் உள்ளே நுழையும். இவையெல்லாம் போக 7 மீட்டர், அதாவது 23 அடி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இப்போது அந்த 8 அடி மேடையும் 20 அடி மேடையும் ஏன் என்பது விளங்குகிறதன்றோ? தாத்தாவும் அப்பாவும் டாரிசெல்லியின் எல்லையைத் தாண்டாமல் மோட்டாரைப் படியிறக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். 17 அடி அந்த எல்லைக்குள் நன்றாகவே அடங்குகிறது.

நான் மண்ணில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, நிழலில் உட்கார்ந்திருந்த ஆயா ஒரு கேள்வி கேட்டார். "நெய்வேலியில அந்தக் காலத்துல கொழா எறக்குனா தண்ணி தானா பொங்கி வருமாம். நம்ம கெணத்துல மட்டும் மோட்டார் வெச்சும் ஏன் கெஞ்ச வேண்டியிருக்கு?"

பட்டம் வாங்கியவர்கள்கூடக் கேட்காத கேள்வி. நெய்வேலி எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் சிறிது நேரப் பயணம். அங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே நீர் தாங்கிய மணல் அடுக்கு ஒன்று இருக்கிறது. அந்த அடுக்கு மேற்கே உயரமான நிலத்தில் வெளியே தலைகாட்டுகிறது. மழைநீர் அங்கே உள்ளே இறங்குகிறது. கிழக்கே வரும்போது மேலே களிமண்ணும் நிலக்கரியும் மூடிபோல் அமைந்துவிடுவதால் நீர் சிறைப்பட்டு அழுத்தம் ஏறுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் அழுத்தம் என்று சொல்லுகிறார்கள். நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதும் சேர்ந்து கொடுப்பது 1 கிலோகிராம்தான். அது 10 மீட்டர் தள்ளுகிறது. அப்படியானால் அந்தச் சிறைப்பட்ட நீர் 60, 80 மீட்டர் எழும்பத் துடிக்கும். துளை போட்டால் பொங்காமல் என்ன செய்யும்?

இதுவே சுரங்கத்துக்குப் பெரும் இடையூறாக இருந்தது. 1956இல் நிறுவனம் தொடங்கி, 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். ஆயினும் நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். மேலுள்ள மண்ணை நீக்கிவிட்டால் கீழிருந்து அழுத்தும் நீர் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வந்துவிடும். அதைத் தடுக்க வெட்டுமிடத்தைச் சுற்றி ஆழ்குழாய்களை இறக்கி, இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே இருக்கிறார்கள். எங்களுக்குப் பம்பு நின்றால் செடி வாடும். அங்கே பம்புகள் நின்றால் தரை வெடிக்கும். அப்படி இறைக்கும் நீர் அனல்மின் நிலையங்களுக்கும், பரவனாறு வழியாக வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பாசனத்துக்கும் போகிறது.

எங்கள் கிணறு எட்டியிருப்பது மேலடுக்கு நீரை. அதன் மேல் மூடி இல்லை. காற்று நேராக அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அது தானாக எழும்பாது. இதை ஆயாவிடம், "அங்க தண்ணி மூடி போட்ட சோத்துப்பானை மாதிரி, நம்முது தொறந்த குண்டான்" என்று சொன்னேன். "அப்படிச் சொல்லு" என்றார். சுரங்கம் நீர் இறைப்பது சுற்றுவட்டாரக் கிணறுகளை என்ன செய்கிறது என்பது பற்றி ஊரில் பல பேச்சு உண்டு. அதை அளக்க என் கயிறு போதாது. என் கயிறு எங்கள் ஒரு கிணற்றுக்கு, அந்த ஒரு நாளுக்கு மட்டுமே பதில் சொல்லும்.

இனி ஃபுட்வால்வு. பம்பின் வாயைத் திறந்து விளிம்புவரை நீர் ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மட்டம் மடமடவென்று இறங்கினால் அடியில் வால்வு பிடிக்கவில்லை என்று பொருள். மாமா பீடி பற்றவைத்தார். பீடி முடிந்தது. நீர் அரை விரற்கடை இறங்கியிருக்கலாம், அவ்வளவே. "ஃபுட்வால்வு நல்லாதான் புடிக்குது" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அவர் முதலில் சந்தேகித்தது அதைத்தான்.

மிச்சம் இருந்தது காற்று வாங்குவது. ஆனால் நீர் நிரப்பி வைத்தபோது எங்கும் சொட்டவில்லையே, நீர் கசியாத சந்தில் காற்று எப்படி நுழையும் என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. நீர் நிரம்பிச் சும்மா நிற்கும்போது பம்பின் வாயருகே உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தம் ஓரடி நீர் அளவுகூட இராது. மோட்டார் ஓடும்போதோ, 17 அடி உயரத்துக்கு நீரைத் தாங்குவதால், அங்கே உள்ளழுத்தம் வெளியழுத்தத்தில் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. அதாவது வெளியே இருந்து அரை வளிமண்டலம் உள்ளே நெருக்குகிறது. மேலும் காற்றின் பாகுத்தன்மை நீரினுடையதைவிட நாற்பது மடங்குக்கு மேல் குறைவு. நீருக்கு அடைத்த கதவு காற்றுக்குத் திறந்த வாசல். உள்ளே போன காற்று சுழலியின் நடுவில் குமிழியாகச் சேர்ந்துகொள்ளும். காற்று நீரைவிட எண்ணூறு மடங்கு லேசானது. அதை எவ்வளவு வேகமாக வீசினாலும் அழுத்தம் உண்டாகாது. அழுத்தம் உண்டாகாவிட்டால் கிணற்று நீரைக் கீழிருந்து தள்ளுவதற்கு இடமேது? எங்கள் மோட்டார் இரண்டு நிமிடம் இறைத்து மூன்றாம் நிமிடம் இருமியதன் மர்மம் இதுவே.

அந்தச் சந்து எங்கே என்பதுதான் கேள்வி. பூசை மாடத்திலிருந்து ஊதுபத்தியை எடுத்து வந்தேன். காற்று உள்ளே போகும் இடத்தில் புகையும் போகவேண்டும் அல்லவா? ஓட்டைச் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பதன் மறுபக்கம் இது.

"பொட்டப்புள்ள கெணத்துல எறங்குறதாவது?" என்று ஆயா தடுத்தார். 20 அடிவரை கல்படிகள் உண்டு. இடுப்பில் கயிறும் கட்டிக்கொண்டேன். "எறங்கட்டும் ஆயா, நான் முன்னால போறேன்" என்றார் மாமா. அப்பா மேலே ஸ்டார்ட்டரில் கை வைத்து நின்றார்.

கிணற்றுக்குள் காற்று அசையாது. அது எங்களுக்கு வசதியாயிற்று. மோட்டார் ஓடத் தொடங்கியது. பம்பின் தண்டு வெளிவரும் கிளாண்டருகே பத்தியைப் பிடித்தோம். புகை நேராக மேலே போனது. அங்கிருந்து துளித்துளியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுவதே நல்லது, காய்ந்துபோனால்தான் கவலை என்றார் மாமா. குழாயின் முதல் இணைப்பு, அடுத்த வளைவு, இரண்டிலும் புகைக்கு அசைவில்லை. பிறகு பம்பும் சக்‌ஷன் குழாயும் சேரும் பிளாஞ்சின் அடிப்பக்கம், சுவரை ஒட்டி, கண்ணுக்கு எட்டாத இடத்தில் பத்தியைக் கொண்டுபோனேன். புகை தலைகீழாக வளைந்து, ஒரு நூல்போல, இரும்புக்குள்ளே நுழைந்தது. மாமா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த நேரத்தில் பம்பு இருமத் தொடங்கிவிட்டது.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான் செய்த எந்தச் சோதனையும் எனக்கு இவ்வளவு மகிழ்ச்சி தந்ததில்லை. ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

நான்கு போல்ட்டுகளில் அடிப்பக்கத்து ஒன்று துருவேறி உடைந்து கையோடு வந்தது. உள்ளே இருந்த ரப்பர் பேக்கிங் காய்ந்த அப்பளம்போல் வெடித்திருந்தது. மாமா பழைய லாரி டியூபில் வளையம் வெட்டி, இரட்டையாக வைத்து, பிளாஞ்சின் முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி முடுக்கினார். எதிரெதிர் போல்ட்டுகளாக, ஒரு சுற்று இங்கே, ஒரு சுற்று அங்கே என்று சமமாக முடுக்க வேண்டுமாம்; ஒருபக்கமே முடுக்கினால் மறுபக்கம் வாய் பிளக்கும். இது எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது. எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. போல்ட்டுகளுக்கு 40 ரூபாய். டியூப் இலவசம். கூலியாக அவர் கேட்டதைவிட அப்பா 100 ரூபாய் சேர்த்துக் கொடுத்தார்.

அப்பா சுவிட்சைப் போட்டார். முள் 5இல் சற்றே தயங்கி, 7க்கு ஏறி நின்றது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுச் சித்தி குடத்தோடு வந்துவிட்டார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம், இருமல் இல்லை.

மாலையில் சித்தப்பா வந்தார். நான் கயிற்றைக் காட்டி 36 என்றேன். அவர் நம்பாமல் தாமே கல்லை இறக்கிப் பார்த்தார். 'களுக்' என்ற ஓசையை அவரும் கேட்டார்.

"சரி, இந்த வருஷம் ஓட்டிக்கலாம்" என்றார்.

இந்த வருடம் என்று அவர் சொன்னதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ரப்பர் வளையம் நீர்மட்டத்தை உயர்த்திவிடாது. ஃபுட்வால்வுக்கு மேல் 2 அடித் தண்ணீராவது நிற்கவேண்டும். இல்லாவிட்டால் சுழல் விழுந்து அந்த வழியாகவே காற்று போகும். ஆகவே 36இலிருந்து 40 வரை, 4 அடிதான் எங்கள் கையிருப்பு. அதற்கும் கீழே போனால் மூன்றாவது மேடை கட்டவேண்டும், அல்லது அவர் சொன்ன போர்தான். எது எப்போது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பதில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் உடன்பாடு ஏற்பட்டது.

அந்தக் கயிறு இப்போது ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. அடிக்கு ஒரு முடிச்சு, ஐந்தடிக்கு ஒரு சிவப்புத் துணி. ஏழாம் நாள், யார் முறையும் இல்லாத நாளில், மோட்டார் போடுவதற்கு முன் காலையில் அளக்கவேண்டும் என்று ஏற்பாடு. நான் கல்லூரிக்கு வந்துவிடும் நாட்களில் சித்தப்பா மகன் அளக்கிறான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். மோட்டார் கொட்டகையின் சுவரில் கரித்துண்டால் எழுதியிருக்கிறோம். ஆனியில் 37. ஆடியில் 38, ஒரு வாரம் 38½. ஆவணியில் இரண்டு மழைக்குப் பின் 36. ஐப்பசிக் கடைசியில் 29. கார்த்திகையில் அவன் எழுதியது 22. பக்கத்தில், யாரும் கேட்காமலே, "பம்பு வாய்க்கு இன்னும் 3 அடி" என்றும் எழுதி வைத்திருந்தான்.